நாற்பத்தைந்து டிகிரி

எருமப்பட்டியில் நாங்கள் புது வீடு கட்டியபோது, குளிக்கிற சுடுதண்ணீருக்கு ஹீட் பம்ப் வாங்கலாம் என்றது நான்தான். காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சுடவைக்கும் இயந்திரம். நம் ஊர்க் காற்றில் வெப்பத்துக்கா பஞ்சம்? சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அதைப் பொருத்தியவர், "நாப்பத்தஞ்சு டிகிரியிலயே வெச்சுக்கங்க. கரண்ட் கம்மியா இழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஆவி பறந்தால்தான் அவருக்குச் சுடுதண்ணீர். "ஏஞ்சாமி, பச்சக் கொழந்தைக்கு ஊத்தறதாட்ட இருக்குது?" என்றார். மறுநாள் பார்த்தால் அறுபத்தைந்தில் நின்றது. அவ்வளவு சூட்டுக்கு உள்ளே இருக்கும் ஹீட்டர் கம்பியும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கரண்ட் மீட்டர் தலைதெறிக்க ஓடியது. நான் குறைப்பேன், அவர் ஏற்றுவார். ஒரு வாரம் இதே கூத்து.

கடைசியில் கேட்டேவிட்டேன்.

"மாமா, இத்தன சூட்டுல புடிச்சு என்னங்க பண்றீங்க?"

"பச்சத்தண்ணி வெளாவிக் குளிப்பேன்."

என் கணவரின் கோழிப்பண்ணையிலிருந்து வந்த தெர்மாமீட்டரை, மாமனார் விளாவி வைத்திருந்த வாளிக்குள் விட்டேன். நாற்பத்திரண்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"அப்பறம் எதுக்கு அத்தன சூடு பண்றோம்?" என்று என்னையே கேட்டார், நான்தான் ஏற்றி வைத்தது போல.

அதோடு சண்டை ஓய்ந்தது. சித்திரை பிறந்ததும் அவரே இன்னொன்றைக் கண்டுபிடித்தார். வெப்பத்தைக் கொடுத்த காற்று இயந்திரத்திலிருந்து ஜில்லென்று வெளியே வருகிறது! பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் தண்ணீர் செலவானால்தானே அது ஓடும்? "எல்லாரும் குளிச்சாச்சா?" என்று வீடு முழுக்க விசாரணை. "நீ இன்னொருக்கா ரெண்டு சொம்பு ஊத்திக்கயேன், சாமி" என்று என்னிடமே வந்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இயந்திரத்திலிருந்த டைமரில், மதியத்தில் மட்டும் ஓடும்படி மாற்றி வைத்தேன். வெயில் ஏறினால் இயந்திரத்துக்கும் வேலை சுலபம். தொட்டியில் சூடு மறுநாள் காலைவரை நிற்கும்.

"மத்தியானம் ஓடுனா போதுங்களா, மாமா?"

"அப்பத்தானே வேகுது!"

மீட்டரும் சாதுவானது. போன ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் அந்தச் சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மாமனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்றில், சட்டையைக் கழற்றித் தோளில் போட்டபடி, என் கணவர்.