பதினோராவது ஸ்பிரிங்

இதில் எதுவும் கூட்டிச் சொல்லப்படவில்லை. நேரங்கள் எல்லாம் அக்காவின் வேலைக் குறிப்பேட்டில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன. குறிப்பேட்டில் பொய் எழுதினால் எஞ்சின் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், பதினான்கு வருடங்களில் அவள் ஒரு பொய்யும் எழுதியதில்லை. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். நம்பச் சொல்லி யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள் அவள்.

பட்டறையில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பந்தயக் கார் எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுவது அவள் தொழில். அவள் கட்டுவதை ஓட்டுபவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று சுற்றும் எஞ்சினில் ஒரே ஒரு வால்வு ஸ்பிரிங் உடைந்தாலும் போதும். வால்வு பிஸ்டன்மேல் இறங்கும், எஞ்சின் இறுகும், நேர்ச்சாலையின் முழு வேகத்தில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை அவள் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். இரண்டு முறையும் வேறு வீட்டுப் பிள்ளைகள்.

அந்தச் சனிக்கிழமை காலை மேனேஜர் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே பதினாறு ஸ்பிரிங்குகள், கட்டை விரல் கனம். வலுவான ஸ்பிரிங் போட்டால் வால்வு துள்ளாது, மறுநாள் பந்தயத்தில் நிமிடத்துக்கு இன்னும் ஐந்நூறு சுற்று கூடுதலாகக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அக்கா ஒன்றை எடுத்து அளந்தாள். வால்வு முழுதாகத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே கொஞ்சமாவது இடைவெளி மிஞ்ச வேண்டும். இதில் ஒரு தாள் நுழையும் இடம்கூட மிஞ்சவில்லை. சுருளோடு சுருள் முட்டினால் அது ஸ்பிரிங் இல்லை, இரும்புக் கட்டை. பந்தயப் பாதையில் பத்துச் சுற்றுக்குள் ஏதாவது ஒன்று பிய்ந்துகொள்ளும்.

"இது லாரிக்கு நல்லா இருக்கும் சார்" என்று பெட்டியை மூடிக் கொடுத்தாள்.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் தேர்ந்தெடுத்த இலேசான ஸ்பிரிங்குகளை அவர் முதலிலிருந்தே நம்பவில்லை. நான்கு மணிக்குள், வால்வுகளைத் தாங்கும் சிலிண்டர் ஹெட் எஞ்சின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறொரு ஆளைக் கூட்டிவந்து தன் பெட்டியில் உள்ளதையே மாட்டிவிடுவேன் என்றார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"எதை மாட்டினாலும் உன் தம்பி ஓட்டுவான். தெரியுமில்ல?"

தெரியும். அணியில் அவன் நீடிப்பதா வேண்டாமா என்று இந்தப் பந்தயத்தில்தான் முடிவாகும். மாட்டுவண்டியைக் கொடுத்தாலும் ஏறி உட்கார்ந்திருப்பான்.

காலையிலேயே அவள் தன் ஸ்பிரிங்குகளை மாட்டிக் கால்மணி நேரம் மிதமான வேகத்தில் ஓட்டியிருந்தாள். புது ஸ்பிரிங்கை எடுத்தவுடன் முழு வேகத்துக்கு விரட்டக் கூடாது. ஒருமுறை சூடாகி, முழுவதும் ஆறி, பதப்பட வேண்டும். பிறகு ஹெட்டைக் கழற்றி, ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் அழுத்தமானியில் வைத்துப் பார்த்தாள். பதினாறும் சொல்லிவைத்தாற்போல் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருந்தன. பதினோராவது, முப்பத்தெட்டரைக் கிலோ. குறித்துக்கொண்டாள். சுருளின் முனைகளில் விரல் நுனியால் சாம்பல் நிற கிரீஸ் தடவி, மறுபடி மாட்டத் தொடங்கினாள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஸ்பிரிங்கின் தலையிலும் ஒரு தொப்பி. தொப்பியைப் பிடித்துக்கொள்ள நகத்தளவு இரண்டு லாக்குகள். லாக் ஒன்று விட்டுப்போனால் எல்லாம் போச்சு. ஆகவே மாட்டி முடித்ததும் இருவர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் எண்ணைச் சொல்ல, மற்றவர் நைலான் சுத்தியால் தொப்பியைத் தட்டிப் பார்த்து "இருக்கு" என்று பதில் சொல்ல வேண்டும். எதிரில் நிற்பவர் எப்போதும் பல்லி. கார்களுக்கு அடியில் ஒட்டிக்கொண்டே ஆயுளைக் கழித்ததால் அந்தப் பெயர்.

அன்று ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் வாங்கப் பல்லி போயிருந்தார். மணி 1:52. வெளியே கண் கூசும் வெயில். தகரக் கூரை படபடத்துக்கொண்டிருந்தது. அக்கா தனியாகவே எண்ணத் தொடங்கினாள், பழக்கத்தில், வாய்விட்டு.

"ஒண்ணு."

டொக். "இருக்கு."

"ரெண்டு."

டொக். "இருக்கு."

கண் ஸ்பிரிங்குகளில் இருந்தது. மனம் மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஆறு, ஏழு, எட்டு என்று வேலை தன்போக்கில் ஓடியது. ஒன்பது என்று சொல்லி, பதிலும் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

பல்லி இன்னும் வரவில்லை.

நிமிர்ந்தாள். எதிரில் யாரும் இல்லை. கதவு அவள் சாத்தியபடியே சாத்தியிருந்தது. நைலான் சுத்தி அவளுடைய வலது கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

காதில் மட்டும் அந்தக் குரல் மிச்சமிருந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல்... லாக்குகளை உதட்டில் கவ்விக்கொண்டு பேசுகிறவர்களின் குரல்.

காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். சுத்தியை எடுத்து இடுப்புப் பையில் செருகினாள். மணி 1:58.

"பத்து."

டொக். "இருக்கு."

பையில் இருந்த சுத்தி அசையவில்லை.

"பதினொண்ணு."

டொக்...

பதில் இல்லை. கூரையின் படபடப்பும் நின்றிருந்தது.

"பதினொண்ணு" என்றாள் மறுபடி.

"இல்ல."

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு லாக்குகளும் இருந்தன. தொப்பி நேராக இருந்தது. ஸ்பிரிங் சரியாக உட்கார்ந்திருந்தது. தொட்டாள். சட்டென்று கையை எடுத்தாள்.

சுட்டது.

எஞ்சின் நிறுத்தி நான்கு மணி நேரமாகியிருந்தது. பத்தாவது ஸ்பிரிங் சில்லென்று இருந்தது. பன்னிரண்டாவதும் அப்படித்தான். பதினொன்று மட்டும், இப்போதுதான் ஓடி நின்றதுபோல... எண்ணெய் கருகும் வாசனையோடு.

எவருக்கும் அந்த நேரத்தில் கால்கள் வாசலை நோக்கித்தான் போயிருக்கும். அக்காவுக்கு வந்தது கோபம். வேலை தெரியாதவர்கள் அவள் வேலையில் மூக்கை நுழைப்பது அவளுக்கு ஆகவே ஆகாது. நுழைப்பது எதுவாக இருந்தாலும் சரி.

"என்ன இல்ல? சொல்லு."

குறிப்பேட்டைத் திறந்து எதிரே நீட்டினாள்.

"லாக் இருக்கு. தொப்பி இருக்கு. அழுத்தம் எழுதி வெச்சிருக்கேன். என்ன இல்ல?"

"இல்ல."

துணியைச் சுற்றிக்கொண்டு அந்த ஸ்பிரிங்கைக் கழற்றினாள். மீண்டும் அளந்தாள். முப்பத்தெட்டரை. உயரம் சரி. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கீறல் இல்லை. மூன்று முறை பார்த்தாள். 2:40.

மாற்று ஸ்பிரிங் கிடையாது. அவள் வாங்கிய பெட்டியில் வந்ததே பதினாறு. வேறு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கலப்பதைவிட மோசமான காரியம் இந்தத் தொழிலில் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பணிந்தால் நான்கு மணிக்கு மேனேஜரின் இரும்புக் கட்டைகள் ஏறும்; தம்பி அதன்மேல் ஏறுவான். அந்தப் பக்கம் அவள் கையால் அளந்து தெரிந்துகொண்ட சாவு. இந்தப் பக்கம் காரணம் சொல்லாத ஒரு குரல்.

"காரணம் சொல்லாம இல்ல, முடியாது, சரியா வராதுன்னு சொல்றதுக்கு உயிரோட இருக்கறவங்களே போதும்" என்றாள் எதிரிலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து. "நீ வேற எதுக்கு?"

கிரீஸ் தடவினாள். மாட்டினாள். லாக்குகளைப் போட்டாள்.

"பதினொண்ணு."

"இல்ல."

"இருக்கு."

"இல்ல..."

"இருக்கு" என்றாள், தொண்டை கிழிய.

சுவரோரம் இருந்த அழுத்தமானியின் முள் தானாக எழுந்தது. அதில் ஸ்பிரிங் எதுவும் இல்லை. மெல்ல ஏறி, முப்பத்தெட்டரையில் நின்றது. நடுங்கியது.

அப்படியே விழுந்தது.

அவள் முதுகைக் காட்டவில்லை. முள்ளைப் பார்த்தபடியே மீதி எண்களைச் சொன்னாள்.

பன்னிரண்டு. பதின்மூன்று.

பதில்களையும் அவளே சொன்னாள்.

பதினாறு.

இருக்கு.

3:04.

பல்லி கேஸ்கெட்டோடு 3:10க்கு வந்தார். வாசலிலேயே நின்று, பட்டறைக்குள் ஏன் இப்படிக் குளிர்கிறது என்று கேட்டார். பேச்சை விட்டுவிட்டு ஹெட்டைத் தூக்கச் சொன்னாள். 3:51க்குக் கடைசி போல்ட் இறுகியது. நான்கு மணிக்கு வந்த மேனேஜர் எஞ்சினைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

தம்பியிடம் மறைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஞாயிறு காலை, அவன் காரில் ஏறுமுன், நடந்ததை நான்கு வரியில் சொன்னாள். வேண்டாமென்றால் வேண்டாம், மேனேஜரைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். அவன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"நீ என்ன சொன்ன?"

"இருக்குன்னு சொன்னேன்."

"அப்புறம் என்னக்கா. பேய் என்ன, எஞ்சின் கட்டப் படிச்சிருக்கா?"

பத்து மணிக்குக் கொடி விழுந்தது. முப்பத்தெட்டு நிமிடங்கள். ஒவ்வொரு முறையும் நேர்ச்சாலையில் அந்தச் சத்தம் உச்சத்துக்குப் போகும்போது அக்கா தன் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதுவும் உடையவில்லை. தம்பி இரண்டாவதாக வந்தான். மேனேஜர் அவளிடம் வந்து, அணியில் அவன் இருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் ஸ்பிரிங்குகளைக் கழற்றி அளப்பது அவள் முறை. மாலை 5:25க்குப் பல்லியும் அவளும் உட்கார்ந்தார்கள். முதல் ஸ்பிரிங் ஒரு கிலோ தளர்ந்திருந்தது. அது இயல்பு. இரண்டாவதும் அப்படியே. முனைகள் தேய்ந்து மின்னின. கிரீஸ் கரைந்து எண்ணெயோடு போயிருந்தது. பத்துவரை அப்படித்தான்.

பதினொன்றைக் கழற்றினாள்.

முனையில் கிரீஸ் அப்படியே இருந்தது. சாம்பல் நிறத்தில், ஈரமாக. அதில் அவளுடைய விரல் ரேகை... ஒரு கோடு கலையாமல்.

அழுத்தமானியில் வைத்தாள். முப்பத்தெட்டரை.

பல்லி நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்த வால்வு முப்பத்தெட்டு நிமிடத்தில் ஒன்றரை லட்சம் முறையாவது திறந்து மூடியிருக்க வேண்டும். திறப்பதற்கு எஞ்சின் இருக்கிறது. மூட வேண்டியது அந்த ஸ்பிரிங்.

அது அசையவே இல்லை.

மறுநாள் அவள் அதை உலோகப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள். என்ன நடந்ததென்று எழுதவில்லை. வெறும் ஸ்பிரிங், ஒரு எண். வியாழக்கிழமை காலை 11:20க்கு அங்கிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். கம்பியின் உட்புறத்தில், கண்ணாடி வைத்தாலும் தெரியாத இடத்தில், விரிசல் இருந்ததாம். பாதிக் கனத்துக்கு மேல் போய்விட்டதாம். வைத்து அழுத்திப் பார்த்தால் அளவு சரியாகத்தான் காட்டுமாம்.

"இது எவ்வளவு நேரம் ஓடியிருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"தேய்மானத்தைப் பாத்தா கால்மணி நேரம்தான் மேடம். அதுலயே விரிசல் விட்டிருக்கு. அதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணியிருந்தா ரெண்டு நிமிஷம் தாங்கியிருக்காது."

அக்கா குறிப்பேட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறந்தாள்.

"நல்லவேளை, பந்தயத்துல இதை மாட்டாம விட்டீங்க" என்றாள் அந்தப் பெண்.