அருந்தவன் பெயரில் ஒரு பூட்டு

"சர்ர்... சர்ர்..."

கராஜுக்குள் இருந்து வந்த அந்தச் சத்தத்தில், குசினியில் நின்ற மிருணாளினியின் கை அப்படியே நின்றுவிட்டது. அகப்பை குழம்புச் சட்டிக்குள் சரிந்து விழுந்தது.

இரண்டு குளிர்காலமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. பனிச்சறுக்குக் கட்டைகளின் அடியில் உருக்கிப் பூசிய மெழுகைச் சுரண்டி எடுக்கும் சத்தம். ரோவில் புறநகரில் உள்ள இந்த வீட்டில் அதை எழுப்பக்கூடியவர் ஒரேயொருவர்தான். அவரோ சுவரில், மாலைக்குள் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

மிருணாளினி ஓடிப்போய்க் கராஜின் கதவைத் திறந்தாள். தகப்பனின் பழைய மேசையில் கட்டைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மகள் லக்சிகா முழங்கை வரை மெழுகுத் தூளோடு நின்றாள்.

"சொரி அம்மா, பயந்திட்டீங்களோ?"

"பயப்பிடாமல்? நெஞ்சே நிண்டு போச்சு. ஆர் உன்னை இதைத் தொடச் சொன்னது?"

"அப்பாவின்ரை ஸ்கி காய்ஞ்சு போய்க் கிடக்கு. நாளைக்கு நாங்க வின் பண்ணினா முதல் ஸ்னோவுக்கே போகோணும். ரெடியா இருக்க வேண்டாமோ?"

"வெல்லுவம் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"நீங்கதான். டெய்லி கண்ணாடியைப் பார்த்துச் சொல்லுறீங்கள். எனக்குக் கேக்கும்."

மிருணாளினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மகளின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அவள் கணவர் அருந்தவன் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அகதியாக வந்து, வேலையிடத்து நண்பன் ஒருவனோடு முதல் தடவை மலைக்குப் போய், அன்றே பனிமேல் பைத்தியமானவர். மலையின் ஒரு பக்கத்தில் பணக்காரர்களின் பனி விடுதிகள் இருந்தன. அங்கே ஒரு குடும்பம் ஒரு நாள் போய் வந்தால் அந்தக் கிழமைச் சம்பளம் கரைந்துவிடும். மறுபக்கம் ஹார்ட்லி சமவெளி. விடுதியோ கடையோ இல்லாத அரசாங்கக் காடு. ஒரு மண் வீதி, பனியைச் சுமந்து வளைந்து நிற்கும் யூக்கலிப்டஸ் மரங்கள், கண் போகும் தூரம் வரை வெள்ளை. யாரும் போகலாம், ஒரு சதமும் வேண்டாம்.

ஒவ்வொரு குளிர்காலமும் அருந்தவன் அங்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். நேற்று வந்திறங்கியவர்கள், துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளுக்குப் பனியைக் காட்ட ஆசைப்பட்டும் வசதி இல்லாதவர்கள் என்று யார் கேட்டாலும் தன் வாகனத்தில் ஏற்றிக்கொள்வார். புளிச்சோற்றுப் பார்சலும் பெரிய ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கட்டிக் கொடுப்பதோடு மிருணாளினியின் பங்கு முடிந்துவிடும். அவளுக்குக் குளிர் ஆகாது.

அந்தச் சமவெளியில்தான் அவர் உயிர் போனது. மாரடைப்பு.

பத்து நாளில் வீதியின் அடிவாரத்தில் ஓர் இரும்புக் கேற் முளைத்தது. ஆபத்தான இடம், குளிர்காலத்தில் தற்காலிகமாகப் பூட்டுகிறோம் என்று காட்டைப் பராமரிக்கும் அரசுத் துறை அறிவித்தது. அந்தத் தற்காலிகம்தான் இரண்டாவது வருடத்தைத் தாண்டிவிட்டது.

முதல் வருடம் அவள் எதையும் கவனிக்கவில்லை. அழுவதற்கே நேரம் போதவில்லை. போன ஆடி மாதம், இந்த நாட்டுக் குளிர்காலத்தில், அவர் மூச்சு விட்ட இடத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று மகளோடு போனாள். கேற் வரைதான் போக முடிந்தது. அங்கே கண்ட காட்சி அவளை உலுக்கிவிட்டது. மேலே போக வழியில்லாத குடும்பங்கள் பெரிய வீதியின் ஓரத்தில் கார்களை விட்டிருந்தன. நாலு வயதுச் சின்னப் பெட்டை ஒன்று பிளாஸ்ரிக் மூடியில் குந்தி, அழுக்குப் பனி மேட்டில் சறுக்கி, நேரே தார் வீதிக்கு இறங்கியது. வளைவில் லொறி ஒன்று வந்தது. தாய் பாய்ந்து பிள்ளையின் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தாள். ஒரு கணம் பிந்தியிருந்தால்? ஐயோ, நினைக்கவே முடியாது.

இளைஞர்கள் கேற்றைச் சுற்றிச் செங்குத்தான காட்டுக்குள் ஏறிப்போவதையும் அவள் பார்த்தாள். இந்தப் பூட்டு ஒருவரையும் காப்பாற்றவில்லை. அபாயத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்குப் புறப்பட்டவள் பிறகு ஓயவில்லை. மல்கிரேவில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன் மேசையில் வேலை. அது முடிந்த கையோடு கோயில், கழகம், சந்தை என்று போய் ஆதரவு திரட்டினாள். சிட்னிக்குக் கலியாண வீட்டுக்குப் போனபோது அங்கே மெரிலேண்ட்ஸில் இருக்கும் சொந்தங்களைக்கூட விடவில்லை. தாலி கட்டி முடிந்த உடனே, பந்திக்கு முன்னாலேயே கையெழுத்து வாங்கிவிட்டாள். மலை நடைக் கழகத்து வெள்ளைக்காரர்கள் அவளைத் தங்கள் பேச்சாளர் ஆக்கினார்கள். பூட்டுக்குப் பதில் எச்சரிக்கைப் பலகை வையுங்கள், பனியில் வழுக்காமல் சக்கரங்களுக்குச் சங்கிலி உண்டா என்று பாருங்கள், ஆபத்தில் உதவி கேட்டுச் சமிக்ஞை அனுப்பும் அவசரக் கருவியை இரவலாகக் கொடுங்கள் என்று அவள் துறையிடம் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

கடைசியில் நாளைக்கு, மலையடிவார ஊரின் மண்டபத்தில் பொதுக்கூட்டம். வீதியைத் திறப்பதா, நிரந்தரமாக மூடுவதா என்று அங்கேதான் தீர்மானிப்பார்கள்.

வாசல் மணி அடித்தது.

வந்தவர் சச்சிதானந்தன், அருந்தவனின் தமையன். தாயும் தகப்பனும் இல்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். கோயில் சபையின் தலைவர்.

"வாங்கோ அத்தான். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"தேத்தண்ணி கிடக்கட்டும். இதிலை இரும் பிள்ளை." கதிரையின் நுனியில் அமர்ந்தார். "நல்ல செய்தியோடை வந்திருக்கிறன். துறையிலை கதைச்சிட்டன். கேற்றுக்குப் பக்கத்திலை தம்பியின்ரை பேரிலை ஒரு கல் வைக்கினம். அந்தக் கேற்றுக்கே 'அருந்தவன் கேற்' எண்டு பேர். கல்லிலை பதிக்க அவன்ரை படமும், உம்மடை சம்மதமும் வேணும். நீர் ஓமெண்டா நாளைக்குக் கூட்டத்திலையே அறிவிப்பினம். குடும்பமே பூட்டச் சொல்லிக் கேட்டா, ஆர் எதிர்த்துக் கதைக்கப் போகினம்?"

மிருணாளினியின் ஒரு 'ஓம்', ஒரு வருடப் போராட்டத்துக்குக் கொள்ளி வைத்துவிடும். கேட்பது யார்? கணவரின் ஈமச் சடங்கில் அவளுக்கு முன்னால் மயங்கி விழுந்த மனிதர்.

"அத்தான், நான் அந்தக் கேற்றைத் திறக்கச் சொல்லி..."

"தெரியும். சனம் எல்லாம் என்னைக் கேக்குது. பால் வாங்க வெளியிலை போகவே குளிருக்குப் பயந்த ஆள் நீர். இப்ப மலைக்கு லோயரோ?"

"ஓம். காசு வாங்காத லோயர்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "விளையாட்டில்லை, மிருணா. அந்த மலைதான் அவனைத் திண்டது."

"டொக்டர் சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள். வீட்டிலை சோபாவிலை இருந்து ரீவி பார்த்திருந்தாலும் அண்டைக்கு அது வந்திருக்கும் எண்டு."

"அப்ப சோபாவிலையே வந்திருக்கலாமே!" கிழவரின் குரல் உடைந்தது. "நான் பக்கத்திலை இருந்திருப்பன். கடைசியா ஒரு சொட்டுத் தண்ணி என்ரை கையாலை வாயிலை விட்டிருப்பன். ஆருமில்லாத காட்டிலை அநாதையாக் கிடந்து செத்தானே என்ரை பிள்ளை! நீர் என்னெண்டால் அந்தக் காட்டுக்குக் கதவு திறக்கச் சொல்லுறீர்!"

கராஜில் சுரண்டும் சத்தம் நின்றுவிட்டது. மிருணாளினி சுவரைப் பார்த்தாள். படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் இந்த மனிதரின் கண்ணீராவது நிற்குமே என்று ஒரு நொடி மனம் இளகியது. அடுத்த நொடியே, வளைவில் வந்த அந்த லொறி நினைவுக்கு வந்தது.

அவள் எழுந்து வந்து அவருக்கு முன்னால் தரையில் அமர்ந்தாள்.

"அத்தான், அவர் அநாதையாச் சாகேல்லை. அண்டைக்கு அவரோடை போன சனத்தை நீங்கள் ஒரு நாளும் விசாரிக்கேல்லை. கேக்கவே பயந்தனீங்கள். நான் ஒவ்வொரு ஆளாத் தேடிப்போய்க் கேட்டனான். கௌரிசங்கர் எண்டு ஒரு பெடியன், வந்து ஒரு வருசமும் இல்லை, முதல் முதல் பனி பார்க்க வந்தவன். அவனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கொண்டு நிக்கேக்கைதான் அவர் சரிஞ்சவர். அந்தப் பெடியன்தான் நெஞ்சை அமத்தி அமத்திக் களைச்சுப் போனவன். ஒரு தாய் தன்ரை பிள்ளையின்ரை போர்வையை எடுத்துப் போத்தினவ. இன்னொரு ஆள் தலையை மடியிலை வைச்சுக்கொண்டு தேவாரம் சொன்னவர். தண்ணியும் குடுத்தவை."

சச்சிதானந்தன் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"வீதி திறந்து கிடந்தபடியால்தான் அத்தனை பேர் அங்கை நிண்டவை. இப்ப அந்தக் கேற்றைச் சுத்திப் போற பெடியள்தான் தனியாப் போகினம். அவங்களிலை ஒருத்தன் விழுந்தா, தண்ணி குடுக்க ஆர் இருக்கினம்? ஆம்புலன்ஸ்காரன் பூட்டுக்குத் திறப்புத் தேடி முடிக்கிறதுக்குள்ளை எல்லாம் முடிஞ்சிடும்." அவள் கண்களில் நீர் வழிந்தது. குரல் மட்டும் தளரவில்லை. "வழியில்லாத சனத்தை எல்லாம் மேலை ஏத்திக்கொண்டு போன மனுசன் அவர். அவரின்ரை பேரை ஒரு பூட்டிலை எழுத நான் விடமாட்டன். படம் தரமாட்டன் அத்தான். சம்மதமும் தரமாட்டன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"தேவாரம் சொன்னவையோ?"

"ஓம்."

"எந்தத் தேவாரம்?"

"அது தெரியாது. அந்த ஐயா நாளைக்கு மண்டபத்துக்கு வாறார். நீங்களே கேளுங்கோ."

அவர் எழுந்தார். முகம் இறுகியிருந்தது. "நாளைக்கு நானும் கதைப்பன். பூட்டச் சொல்லித்தான் கதைப்பன். எனக்கு மனம் கேக்காது."

"கதையுங்கோ. உங்களுக்குப் பிறகு நான் கதைக்கிறன்."

"பிடிவாதக்காரி."

"உங்கடை தம்பியின்ரை பெண்சாதி."

வாசலுக்குப் போகும் வழியில் கராஜின் கதவு திறந்திருந்தது. லக்சிகா கட்டையை அணைத்தபடி, அழுத கண்களோடு நின்றாள். சச்சிதானந்தன் உள்ளே போய் அவளைப் பார்த்தார். மேசையில் மினுங்கிய மற்றக் கட்டையில் மெல்ல விரலை ஓட்டினார். கீழே, அருந்தவன் சாமான் ஏற்றி இழுக்கும் சறுக்குப் பெட்டி கிடந்தது. குனிந்து அதன் இழுவைக் கயிற்றைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

"பிள்ளை, உந்தக் கயிறு இத்துப்போச்சு. மாத்திப்போட்டுக் கொண்டு போங்கோ."

"சரி, பெரியப்பா."

"போட்டு வாறன்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். வாசற்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கி, குளிர் காற்றுக்குக் கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

கார் தெரு முனையில் திரும்பும் வரை மிருணாளினி நின்றாள். பிறகு, புதுக் கயிறு எங்கே இருக்கும் என்று யோசித்தபடி கதவைச் சாத்தினாள்.