புஷ்பலதாவின் காது

புஷ்பலதாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் காதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அம்மையார்குப்பத்தில் இரண்டு விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தாள். இரண்டு விசைத்தறி ஓடும் வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டாள். திருத்தணியில் படித்துவிட்டு, ஐந்து வருஷம் கம்பெனி வேனில் விடிகாலை ஏறி இருட்டிய பிறகு இறங்கினாள். குழந்தை பிறந்ததும் வேனை விட்டாள். வேலைக்குப் போகும் ஆசையை மட்டும் விடவில்லை, விடுகிறவளும் இல்லை.

அப்போதுதான் செல்போனில் ஒரு செய்தி வந்தது. பேச்சுப் பதிவுகளைக் கேட்டு அப்படியே எழுத்தில் அடித்துக் கொடுக்க வேண்டும். தமிழும் தெலுங்கும் தெரிந்திருந்தால் போதும், வீட்டிலிருந்தே வேலை. ஐந்து பதிவுகள் பரீட்சை. சாயந்தரம் ஐந்து மணிக்குள் அனுப்பிவிட வேண்டும்.

"வூட்ல குந்திகினே வேலையாம், அதுக்குச் சம்பளமாம். எவன் குடுப்பான்?" என்றாள் மாமியார் கோவிந்தம்மாள்.

புஷ்பலதா புருஷன் கஜபதியிடம் போய் நின்றாள். "பாவா, ரெண்டு மணி நேரம் மிஷினை நிறுத்தேன்."

"நாளைக்குச் சேலை போவணும் லதா."

"கரெண்ட் போனா நிக்காதா? என்னை ஈபிக்காரன்னு நெனச்சுக்கோ."

கஜபதி சிரித்துக்கொண்டே நிறுத்தினான்.

நான்கு பதிவுகள் மளமளவென்று முடிந்தன. ஐந்தாவது மாட்டிவிட்டது. யாரோ ஒரு விவசாயி, ஓடுகிற மோட்டார் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறார். பத்து முறை போட்டுக் கேட்டாள், மோட்டார்தான் பேசியது. அதே பரீட்சை எழுதிய தோழி கவிதா போனில் சொன்னாள்: "எல்லாரும் அதுக்கு 'புரியலை'ன்னு போட்டு அனுப்பிட்டாங்கடி. நீயும் போட்டுட்டு எழுந்து போ."

"அந்த மனுஷன் தொண்டை கிழியப் பேசிகினு இருக்காரு. புரியலைன்னு எப்படிடி போடறது?"

இரண்டு மணி நேரம் ஆனது. தறிகள் மறுபடி கடகடத்தன. போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்தபோது, தறிகளுக்கு அந்தப் பக்கம் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"சோறு ஆறிப்போவுது, வாடி."

"தோ வர்றேன் அத்தை" என்றவள் அப்படியே நின்றாள். அத்தை கத்தவே இல்லையே! இத்தனை இரைச்சலில் அது எப்படிக் காதில் விழுந்தது? தறி வீட்டுக்காரர்கள் சத்தத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. அதை அதன் போக்கில் ஓடவிட்டு, அடியில் வரும் பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். இவளோ நிசப்தத்தில் உட்கார்ந்து, இவ்வளவு நேரம் அந்த மோட்டாரையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஹெட்போனை இழுத்து மாட்டினாள். மோட்டாரை மூன்றாவது தறியாக நினைத்து ஓடவிட்டாள். வந்தது பேச்சு: "நைனா, மேல் மடையைத் தெறந்தியா? நீள்ளு ராலேதுரா!" தண்ணீர் வரவில்லையாம் அவருக்கு. புஷ்பலதா சிரித்துச் சிரித்து அடித்தாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள். சோறு ஆறியே போயிருந்தது.

மூன்றாம் நாள் பரீட்சை வைத்த இடத்திலிருந்து ஒரு அம்மா போனில் கூப்பிட்டார். "அஞ்சாவது பதிவை முழுசா எழுதினது நீங்க ஒருத்தர்தாங்க. எப்படிங்க கேட்டுச்சு?"

"எங்க வூட்ல எப்பவுமே அப்படித்தாங்க."

வேலை கிடைத்துவிட்டது. முதல் நாள் காலையில் குளித்து, நல்ல புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அத்தை, ஆபீசுக்குப் போயிட்டு வர்றேன்."

அவள் வேலை செய்யும் மேஜை இருந்தது எட்டடி தூரத்தில். கோவிந்தம்மாள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள்: "ஆங், போய்ட்டு வா. சாயந்தரம் வெளிச்சத்தோட வூடு வந்து சேரு."