கப்பலேறாத சட்டித் துண்டுகள்

ஊர்க் கண்காட்சி மலரில் எனக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அதுவரை என் எழுத்து அச்சேறியது கலியாண வாழ்த்து மடல்களிலும் கண்ணீர் அஞ்சலிகளிலும்தான். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அடைமொழிகளைத்தான் பாவித்து வந்தேன். யாரும் குறை சொன்னதில்லை. ஆகவே அந்தப் பக்கத்தின் மேல் எனக்கு ஆசை கொஞ்சமல்ல.

விசயம் இதுதான். கரடியனாற்றுப் பக்கம் ஒரு நண்பரின் வயல் வட்டையில் உழவு மெசின் பழைய சட்டித் துண்டுகளைக் கிளறிப் போட்டது. உரிய இடத்தில் அறிவித்து, காட்சிக்கு வைக்க அனுமதியும் வாங்கினோம். சில துண்டுகளின் விளிம்புக்குக் கீழே சின்னச் சின்ன அரைப்பிறைகள் வரிசையாகப் பதிந்திருந்தன. என்னிடமிருந்த ஒரு தடித்த புத்தகத்தில், பிலிப்பைன்ஸ் தீவுகளில் தோண்டியெடுத்த ஓடுகளின் படங்களிலும் அதே பிறைகள். முதல் நாள் கதிரையிலிருந்து எழும்பியே விட்டேன். உலக வரலாறு என் சாப்பாட்டு மேசையில் திரும்பிப் படுப்பதாக நினைப்பு.

பிறகு பூதக்கண்ணாடியோடு வாரக்கணக்கில் உட்கார்ந்தேன். அவர்களுடைய துண்டுகளில் குத்திய வட்டங்களுக்குள் வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. எங்களுடையதில் அது இல்லை. கழுத்தின் வளைவும் வேறு. மிஞ்சியது பிறை மட்டும். அந்தப் பிறையும் ஒரு மத்தியானம் கைவிட்டுப் போயிற்று. மனைவி மட்டிக் கறி வைத்திருந்தார். தின்று முடித்த மட்டிச் சிப்பியின் விளிம்பை, ரொட்டிக்குக் குழைத்து வைத்திருந்த மாவில் சும்மா அழுத்திப் பார்த்தேன். அரைப்பிறை. இன்னொன்று, இன்னுமொன்று. அன்றைய ரொட்டி தொல்பொருளாகச் சுடப்பட்டுத் தேங்காய்ச் சம்பலோடு உண்ணப்பட்டது.

உவர்த் தண்ணீர், சிப்பி, ஈரக் களிமண், ஒரு விளிம்பை வெறுமனே விட மனம் வராத ஒரு பெண். இவ்வளவும் இருந்தால் பிறை தானாக வரும். கப்பல் தேவையில்லை. எனவே துண்டுகளோடு வைக்கும் விளக்க அட்டையில் இப்படி எழுதினேன்: “பார்வைக்கு ஒத்திருக்கின்றன. தொடர்பு உண்டா என்பது தெரியவில்லை.”

கண்காட்சிக் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி; ஐம்பது தாண்டிய என்னையும் தம்பி என்று அழைக்கும் கடைசி மனிதர். அட்டையை வாசித்துவிட்டுச் சொன்னார்: “தெரியா எண்டு சொல்லுறதுக்கா தம்பி கண்காட்சி வைக்கிறம்?” அவர் ஏற்கெனவே பாய்மரக் கப்பல் போட்டு ஒரு பதாகை அடித்துவிட்டிருந்தார். எங்கள் முன்னோர் பிலிப்பைன்ஸ்காரருக்குச் சட்டி வனையக் கற்றுக் கொடுத்தார்களாம்.

கண்காட்சி அன்று நான் போய்ச் சேருமுன் என் அட்டை காணாமற் போயிருந்தது. துண்டுகளுக்கு மரியாதை செய்வதாக நினைத்து, தலைவர் அவற்றை வாசலில் வாழையிலை விரித்து, குத்துவிளக்குக்கும் நிறைகுடத்துக்கும் பக்கத்தில் அடுக்கியிருந்தார். நாங்களோ சுடலையில் குடம் உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருகிற ஆட்கள். குருக்கள்மடம் ஊரிலிருந்து வாடகை வானில் வந்திறங்கிய பெண்கள் எரியும் விளக்கையும் உடைந்த சட்டி ஓடுகளையும் கண்டதும் வேலிப் படலையடியிலேயே நின்றுவிட்டார்கள். “ஆருகா செத்தது?” என்று ஒருத்தி மற்றவளைக் கேட்டது தலைவருக்கும் கேட்டது.

உடனே அப்புறப்படுத்தச் சொன்னார். நான் வெளியே சைக்கிள் விடும் இடத்தில் ஒரு நீள மர வாங்கைப் போட்டு, துண்டுகள், படங்கள், மட்டிச் சிப்பி எல்லாவற்றையும் பரப்பி, அட்டையைப் புதிதாக எழுதி வைத்தேன்.

மத்தியானம் தலைவர் சமாதானமாக வந்தார். “ஒருவேளை கத்துக் குடுத்திருக்கலாம் எண்டு போடுங்க, போதும். உள்ளுக்க ஃபேனுக்குக் கீழ மேசை தாறன். உங்கட பக்கமும் மலரில வரும். இல்லாட்டி விளம்பரத்துக்குத்தான் குடுக்கவேணும்.”

பக்கம் கண்முன் வந்து நின்றது, என் படத்தோடு. ஆனால் அந்த ‘ஒருவேளை’ பின்னேரக் கூட்டத்தில் அவர் ஒலிவாங்கியைப் பிடிக்கும்வரைதான் உயிரோடிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைவிட, எங்கள் வாவிக்கரையில் சட்டி வனைந்தவள் கடல் கடந்து பாடம் நடத்தியிருந்தால்தான் பெருமை என்பது என்ன கணக்கு? பிலிப்பைன்ஸ் கரையில் இருந்தவளுக்குக் கை இல்லையா?

“அந்தக் கரையில இருந்தவளுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கல்ல, அண்ணன். எங்கட ஆளும் ஆருக்கும் சொல்லிக் குடுக்கல்ல எண்டுதான் நான் நினைக்கிறன். அதையும் நிச்சயமாத் தெரியா. பக்கத்த விளம்பரத்துக்கே குடுங்க.”

அவர் போய்விட்டார். மலரில் என் பக்கத்தில் ஒரு கூரைத்தகடு கடை வந்தது. அச்சு அழகாகத்தான் இருந்தது.

வானில் வந்த பெண்களில் ஒருவர் திரும்பும் வழியில் வாங்கடியில் நின்று அட்டையை மெல்ல வாசித்தார்.

“தெரியா எண்டுதானே எழுதியிருக்கு?”

“ஓம்.”

“இதுக்கா இந்த வெயிலுக்க நிக்கிறீங்க?”

“ஓம், இதுக்குத்தான்” என்றேன்.