மைக் செட்டுக்காரரின் வெட்கம்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாக்கோட்டைப் பக்கத்துப் பள்ளியில் நான் சத்துணவு சமைத்தபோது, அஞ்சாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு வயசுக்கு வருவதைப் பற்றிச் சொல்லித்தரலாமா என்று டீச்சர்கள் பெற்றோரைக் கூட்டிக் கேட்டார்கள். ஊர் விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி கட்டி அறிவிப்புச் சொல்லும் மைக் செட்டுக்காரர் எழுந்தார். பெருத்த உடம்பு. பேசுமுன் எதையாவது விரலால் தட்டிப் பார்க்கிற பழக்கம். மேசையைத் தட்டிவிட்டு, "சின்னப் பிள்ளைககிட்டப் பேசுற பேச்சா இது? எம்மகளுக்கு வேண்டாம்" என்றார்.

"ஏண்ணே, ஊர்ப் பிள்ளைக வயசுக்கு வந்த சடங்குன்னா அடுத்த ஊரு கல்லல் வரைக்கும் கேக்க மைக்குல கத்துறீக. பிள்ளைக்குச் சொன்னா மட்டும் வெக்கமாக்கும்?" என்றாள் ஒரு தாய்.

எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்துவிட்டார். பிறகு மெல்ல, "மூத்தவ வயசுக்கு வந்தப்ப ஏதோ நோய்ன்னு பயந்து அழுதா. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. சின்னவளுக்காச்சும் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்றார்.

அவ்வளவு சத்தக்காரருக்குள் அந்தச் சின்னக் குரல் எங்கே இருந்ததோ! வகுப்பு அஞ்சுதானா என்று தெரிந்தவர்கள் சரிபார்த்துவிடுங்கள்.