மஸ்கட்காரர் பெண்டாட்டி

விழுப்புரம் கோர்ட்டுக்குப் பல வருஷம் நடையாய் நடந்து மலர்விழி ஒரு தாலியைக் கழற்றினாள். திண்டிவனத்தில் வந்து இறங்கிய முதல் வாரமே கவரிங் கடையில் இன்னொன்று வாங்கித் தனக்குத்தானே கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையும் அவளே, பொண்ணும் அவளே. மொய் எழுதத்தான் ஆள் இல்லை.

வேறு வழியில்லை. ஜவுளிக்கடையில் வேலை கிடைத்துவிட்டது, வீடு கிடைக்கவில்லை. டைவர்ஸ் என்று சொன்ன இடத்திலெல்லாம், "இப்பதாம்மா வேற ஆளுக்குப் பேசி முடிச்சோம்" என்றார்கள். அதனால் கிளியம்மாள் வீட்டு மாடி அறையைக் கேட்கப் போனபோது, தன் வீட்டுக்காரர் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுவதாகச் சொல்லிவிட்டாள்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் நின்று, அணைத்து வைத்த போனில், "சாப்ட்டீங்களா?" என்று உருகுவாள். அசல் புருஷனிடம் ஒருநாளும் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. அவன் பேசவிட்டால்தானே! பஸ் ஸ்டாண்டுக் கடைப் பேரீச்சம்பழத்தை மஸ்கட்டிலிருந்து வந்ததென்று கீழ்வீட்டுக்குக் கொடுத்தாள். கிளியம்மாளின் கணவர் வேணு, "அந்த ஊரு பழம் அந்த ஊரு பழந்தான்" என்று கொட்டையைக்கூட விடாமல் சப்பினார். முப்பத்தெட்டு வயதில் ஒற்றை ஆளாக நாடகக் கம்பெனி நடத்துவோம் என்று மலர்விழி கனவிலும் நினைத்ததில்லை. ஆனாலும் அந்த அறை அவளுக்கு உயிர். உள்ளே தாழ் போட்டுக்கொண்டால், ஏன் இன்னும் விளக்கு எரிகிறது என்று கேட்க ஆளில்லை.

ஆனியில் வேணுவுக்கு நெஞ்சுவலி வந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மறுபிழைப்புப் பிழைத்து வந்தார். பின்னாலேயே ஆடிப்பெருக்கு. ஆற்றுக்கு எங்கே போவது? வாசல் போர் மோட்டாருக்கே மஞ்சள் குங்குமம் வைத்து, தெருப் பெண்களைக் கூப்பிட்டுவிட்டாள் கிளியம்மாள். தாலிக்கயிறு மாற்றும் நேரம் வந்ததும் புதுக்கயிற்றை மலர்விழி கையில் வைத்தாள்.

"நீ கட்டி உடு மலரு. மாடியில போன்ல நீ உருகறத கேட்டுக்கினுதான இருக்கேன். உன்னாட்டம் ஒருத்தி கட்டினா அவருக்கு ஆயுசு கெட்டி."

மலர்விழிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கிளியம்மாளுக்கு உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், ராத்திரியில் எழுந்து எழுந்து அவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிறவள். இப்படிப் பயந்து கிடக்கிறவளை ஏமாற்ற மலர்விழிக்கு மனம் வரவில்லை. வீடு போனால் போகிறது என்று வாயைத் திறந்தாள்.

"அம்மா, எனக்கு டைவர்ஸ் ஆயிடுச்சு. மஸ்கட்டுல யாருமே இல்ல. இது கவரிங்கு."

உள்ளே கட்டிலில் கிடந்த வேணுதான் முதலில் கேட்டார்.

"அப்ப அந்தப் பேரீச்சம்பழம்?"

"பஸ் ஸ்டாண்டுதுங்க."

கிளியம்மாள் கயிற்றை வெடுக்கென்று பிடுங்கினாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டாள். மலர்விழி கவரிங்கைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, எந்தப் பையில் எதை அடுக்குவது என்று யோசித்தபடியே படியேறப் போனாள்.

"எங்கடி போறே? பொய் சொன்னதுக்கு உன்ன அப்பறமா வெச்சிக்கறேன். கன்னிப் பொண்ணுங்க வரிசையில போய் நில்லு. உங்களுக்கெல்லாம் கையில கட்டணும்."

எட்டாவது படிக்கும் ஷாலினிக்குப் பின்னால், காதோர நரையோடு போய் நின்றாள் மலர்விழி. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவள் முறை வந்தபோது கிளியம்மாள் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டபடி சொன்னாள்.

"நல்ல மாப்ளயா கெடைக்கணும்னு அம்மன வேண்டிக்கோ."

"ஐயோ, வேணாம்மா! இந்த வீட்லயே இருக்கணும்னு வேண்டிக்கறேன்."

"அத ஏன்டி அம்மனாண்ட கேக்கறே? என்னாண்ட கேளு."