காற்றுகூடப் போகாத மூடி

“இதுல யாரு சார் கை வச்சது?”

திருச்சியில் எந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். தையல்காரரும் கேட்பார், பல் டாக்டரும் கேட்பார். ஆனால் மெக்கானிக் கேட்கும்போது துக்கம் விசாரிக்க வந்தவரின் குரல் வந்துவிடும். பானட்டைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டி, நம் முகத்தைப் பார்க்காமலே கேட்பார். முன்னால் கை வைத்தவன் பாவி, அவனிடம் கொண்டுபோன நாம் அவனைவிடப் பெரிய பாவி என்று அதற்கு அர்த்தம். இப்போது நான் கார் விடுகிற இடத்தில் குளிர்சாதன அறையில் உட்கார வைத்துக் காபி கொடுக்கிறார்கள். கொடுத்துவிட்டு, “மேடம், வெளியில எங்கயாவது காட்டுனீங்களா?” என்று அதே கேள்வியை இஸ்திரி போட்டுக் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஒரு மெக்கானிக்கை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். அப்பா திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டர்னர். கடைசல் இயந்திரத்தில் இரும்பை மயிரிழை கணக்கில் சீவுகிற வேலை. கூட வேலை பார்த்தவர்கள், “உங்கப்பா கையில இரும்பு வெண்ணெய் பாப்பா” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய வெள்ளைக் காருக்கு அந்த வருஷம் ஒரு விசித்திரமான வியாதி வந்தது. வீட்டு வாசலில் ஒரே தட்டில் கிளம்பும். அம்மா மண்டபம் சாலையில் ராஜா மாதிரி போகும். காவேரிப் பாலத்தின் நடுவிலோ, பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கமோ போனதும் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடும். பத்து நிமிஷம் கெஞ்சினால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும்.

மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். ஒருவர் கார்புரேட்டரைக் கழுவினார். ஒருவர் பிளக்குகளை மாற்றினார். மூன்றாமவர் பெட்ரோல் பம்பையே மாற்றினார். மூவருமே அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். மூவருமே தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, “இனிமே பிரச்சினை வராது சார்” என்றார்கள். வண்டி அவர்கள் பேச்சை மதித்துத் தெருவுக்குள் ஒரு பிரச்சினையும் செய்யவில்லை. பாலத்துக்குப் போய்ச் செய்தது.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் அப்போது அக்காவுக்குப் பிளஸ் டூ பரீட்சை. தேர்வு மையம் தென்னூரில். போதாததற்கு மாடிப்படியில் வழுக்கி விழுந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டு. காலை மடக்க முடியாதவளை ஆட்டோவிலும் பஸ்ஸிலும் எப்படி ஏற்றுவது? கார்ப் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தால்தான் உண்டு. முதல் பரீட்சையன்றே வண்டி பாலத்தில் நின்றது. அக்கா சத்தமே வராமல் அழுதாள். பின்னால் வந்த பஸ்கள் அவளுக்கும் சேர்த்துச் சத்தம் போட்டன. கடைசி மணி அடிக்கும்போதுதான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வீட்டுக்கு வந்தார். வாயால் ஊசி குத்துவதில் அவர் கைதேர்ந்தவர்.

“மச்சான், ஊருக்கெல்லாம் மிஷினு செஞ்சு அனுப்புறீங்க. உங்க வண்டி காவேரியக் கண்டா நகர மாட்டேங்குதே, முழுக்குப் போடணும்னு எதுவும் வேண்டுதலா?”

அப்பா கார்ச் சாவியை ஆணியில் மாட்டினார். மாமா தொடர்ந்தார்.

“அடுத்த பரீட்சை திங்கக்கெழமைதானே, அதுல இருந்து நான் வேன் ஏற்பாடு பண்றேன். பொண்ணு படிப்போட வெளையாடாதீங்க.”

“ஞாயித்துக்கெழமை வரைக்கும் பொறு” என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் அக்காவைப் பார்க்கவில்லை. அக்காவும் அவரைப் பார்க்கவில்லை. தன் பெண்ணைத் தன் காரில் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட இந்த மனிதரால் முடியுமா முடியாதா என்பதுதான் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக் கேள்வியாக இருந்தது.

ஆளைக் கண்டுபிடித்தது அம்மா. பாலத்தில் வண்டி தள்ள வந்த டாக்ஸி டிரைவர் ஒருவரிடம், “உங்க வண்டிக்கு ஒண்ணுன்னா யாருகிட்ட போவீங்க?” என்று அம்மா கேட்டிருக்கிறாள். அவர் சொன்னதை அம்மா அப்படியே வந்து ஒப்பித்தாள்: “தென்னூர்ல மணப்பாறைக்காரர்னு ஒருத்தர் இருக்காரும்மா. வண்டி சரியில்லைன்னா சரியில்லைம்பாரு. நல்லாயிருந்தா நல்லாயிருக்கு, எடுத்துட்டுப் போங்கன்னும் சொல்லிருவாரு.” அந்த இரண்டாவது பாதிதான் அம்மாவுக்குப் பிடித்துப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் போனோம். வேடிக்கை பார்க்க மாமாவும் வந்தார். வழியில் வழக்கம்போல நின்று, வழக்கம்போலக் கிளம்பித்தான் போய்ச் சேர்ந்தோம். மணப்பாறைக்காரர் ஒல்லியாக, நெற்றியில் கொஞ்சம் விபூதியும் அதன்மேல் கொஞ்சம் கிரீஸுமாக நின்றார். அப்பா இன்ஜினைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பானட்டைத் திறக்கச் சொல்வார் என்று பார்த்தால், கையைத் துடைத்துக்கொண்டே, “யாரு யாரு எங்க உக்காந்து போவீங்களோ அங்கயே உக்காருங்க” என்றார்.

“எதுக்குங்க?” என்றார் அப்பா.

“மாடு நொண்டுதுன்னு சொன்னா எங்க ஊர்ச் சந்தையில கட்டுத்தறியில வச்சுப் பாக்க மாட்டாங்க சார். நடக்க விட்டுத்தான் பாப்பாங்க. எங்க நிக்குதோ அதுவரைக்கும் போவோம்.”

அக்கா காலை நீட்டிக்கொண்டாள். அம்மா அந்தக் காலைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். மாமாவும் அவர் மடியில் நானும் பின்னால் ஒடுங்கிக்கொண்டோம். மணப்பாறைக்காரர் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்றே நான் நினைத்தேன். பாலத்தில் ஏறியதும் வண்டி இருமியது. அவர் கண்ணைத் திறக்காமல், “வருது” என்றார். இரண்டாவது இருமலில் வண்டி நின்றது.

இறங்கியவர் இன்ஜின் பக்கம் போகவில்லை. பின்பக்கம் போய்ப் பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திருகினார். யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுப்பது போல ‘ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம். நான் ஜன்னல் பக்கம் இருந்ததால் நன்றாகவே கேட்டது. “இப்ப அடிங்க சார்” என்றார். ஒரே தட்டில் கிளம்பியது.

மாமா என்னைச் சீட்டில் தள்ளிவிட்டுச் சட்டென்று இறங்கி ஓடினார். “என்னங்க கோளாறு? யாரு கை வச்சுக் கெடுத்தது?”

மணப்பாறைக்காரர் உள்ளங்கையில் இருந்த மூடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பளபளவென்ற பித்தளை மூடி. அதற்குள் இறங்கி வந்த அப்பா, “பெட்ரோல் பங்க்குல பழைய மூடியத் தொலைச்சிட்டோம். பொங்கலுக்கு முன்னாடி. கடையில வாங்க மனசு வரல, நானே கடைஞ்சு போட்டேன்” என்றார். இரண்டு மாதமாக அவர் குரலில் காணாமல் போயிருந்த பெருமை அதில் எட்டிப் பார்த்தது.

மணப்பாறைக்காரர் கட்டைவிரலால் மூடியின் உள்மரையை, திருகிப் பூட்டுகிற அந்தச் சுற்றுக் கோடுகளை, ஒருமுறை தடவினார்.

“என்னா வேலை சார் இது! நாப்பது வருஷமா வண்டி பாக்குறேன், இப்பிடி ஒரு மரை பாத்ததில்ல. காத்துகூட உள்ள போகாது.”

அப்பாவின் முகத்தில் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. மூடியை வாங்கினார். டேங்க்கின் வாயைப் பார்த்தார். மறுபடி மூடியைப் பார்த்தார். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும், வராவிட்டால் டேங்க் பெட்ரோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்குத் தெரியப் பல வருஷம் ஆனது. அப்பாவுக்கு அந்தப் பாலத்தின் மேலேயே தெரிந்துவிட்டது.

“சொல்லுங்க, யாருதான் கை வச்சது?” என்று மாமா விடவில்லை.

“வண்டின்னு இருந்தா யாராவது கை வைக்கத்தான் செய்வாங்க. காத்தடைப்பு. சரியாப் போயிரும்” என்றார் அவர். மாமாவுக்குத் தன் வாயுத் தொந்தரவு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதற்குமேல் கேட்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் மணப்பாறைக்காரர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

“நடுவுல ஊசி நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டாப் போதும் சார். என்கிட்ட அவ்வளவு சன்னமா டிரில் பிட் கெடையாது. நான் போட்டா மூடியக் கெடுத்துருவேன். செஞ்ச கையே போடட்டும்.”

அவருக்குப் பின்னால், மேஜைமேல் ஒரு தகர டப்பா திறந்து கிடந்தது. அதில் டிரில் பிட்டுகள் விரல் தடிமனிலிருந்து தென்னங்குச்சிக்கும் சன்னமானது வரை வரிசையாக இருந்தன. எனக்கு உதவி செய்கிற ஆர்வம்.

“மெக்கானிக் மாமா, அதோ இருக்கே!”

அவர் திரும்பிப் பார்த்தார். சாவகாசமாக டப்பாவை மூடினார். “அதெல்லாம் மொண்ணை பாப்பா” என்றார்.

அன்று மத்தியானம் அப்பா அரியமங்கலத்தில் சிநேகிதருடைய பட்டறைக்குப் போய், தன் கையாலேயே அந்த ஓட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை காலை அக்காவோடு கிளம்பினோம். பாலத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா தமிழ்ப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி இருமவில்லை. சத்திரம் தாண்டியது. மெயின்கார்டு கேட் தாண்டியது. அக்கா புத்தகத்தை நேராகத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தாள்.

மணி அடிக்க அரைமணி இருக்கும்போதே அவளை உள்ளே விட்டுவிட்டு வந்தோம். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. முன்சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டி அப்பாவிடம் சொன்னேன்.

“அப்பா, அந்த மெக்கானிக் பொய் சொல்றாருப்பா. டப்பா நெறைய பிட்டு வச்சிருக்காரு. எல்லாம் புதுசு. நான் பாத்தேன்.”

“தெரியும்மா” என்றார் அப்பா, சாலையைப் பார்த்தபடியே. “நல்ல மனுஷன். இனிமே நம்ம வண்டிய அவருதான் தொடணும்.”

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் சொன்னது அப்பாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.